கொச்சிக் கோட்டையும் கலங்கரை விளக்கமும்

வேம்பநாட்டுக் காயலின் நீர் அரபிக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் இரு மருங்கிலும் கொச்சி நகரம் பரந்துள்ளது. தென்கரையில் கோட்டைக் கொச்சியும், அதன் தென்கிழக்கே காயலை நோக்கியவாறு மட்டாஞ்சேரியும், வடகரையில் வைப்பின் தீவும் அமைந்துள்ளன. கோட்டைக் கொச்சி என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றதேனும், அங்கு மதிலும் கொத்தளமும் சூழ்ந்த கோட்டை எதுவும் இல்லை. அவ்வூரில் நெடுங்காலம் ஒளி வீசிய கலங்கரை விளக்கமும் 1979ஆம் ஆண்டில் வடகரையிலுள்ள புதுவைப்பு என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டது.

கோட்டை மறைந்தது எவ்வாறு? விளக்கு இன்று நிற்கும் நிலம் தோன்றியது எவ்வாறு? முதல் வினாவிற்கு அரசியல் வரலாறு விடை கூறும். இரண்டாம் வினாவிற்கு நீரும் மணலும் இயங்கும் முறையே விடையாகும். இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்பொழுது, கோட்டையும் விளக்கும் போர்க்கும் கப்பற்போக்குவரத்திற்கும் மட்டுமன்றி, மாறிவரும் கரையை அளப்பதற்கும் பயன்படும் அடையாளங்கள் என்பது புலனாகும். ஆதலின் இப்பாடம் வரலாற்று ஆசிரியர்க்கும், புவியியல் ஆசிரியர்க்கும், கரையோரங்களில் பணிபுரியும் களப் பணியாளர்க்கும் ஒருங்கே உரியது.

முகத்துவாரத்தின் தோற்றம்

பண்டைக் காலத்தில் இக்கரையின் பெருந்துறைமுகம் கொச்சி அன்று. பெரியாற்றின் முகத்தில், இன்றைய கொடுங்கல்லூரை அடுத்திருந்த முசிறியே யவன வணிகர் மிளகு கொள்ள வந்த துறை. கி.பி. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையை மண்ணிட்டுத் தூர்த்து, கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்தது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. வைப்பின் தீவும் அவ்வாண்டில் உருவாயிற்று என்று கருதி, அவ்வாண்டையே தொடக்கமாகக் கொண்ட ‘புதுவைப்பு ஆண்டு’ என்னும் கணக்கு ஒன்றும் அப்பகுதியில் வழங்கியது.

புதுவைப்பு என்னும் சொல்லின் பொருளைத் தமிழர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. நீர் கொணர்ந்து புதிதாக வைத்த நிலம் என்பதே அதன் பொருள். மண் படிவதால் நிலம் உண்டாகிறது என்னும் உண்மையை அவ்வூர் மக்கள் ஊர்ப் பெயரிலேயே பொறித்து வைத்தனர்.

இத்தகைய நிலவியல் மாறுதல் ஓர் ஆண்டில் தொடங்கி அவ்வாண்டிலேயே முடிவதன்று. ஆறுகள் மலையிலிருந்து வண்டலைக் கொணர்கின்றன. கடலலை சாய்வாகக் கரையை மோதுங்கால் மணல் கரையோரமாகவே நகர்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலையின் வலிமை மிகுதலால் ஓரிடத்து மணல் அரிக்கப்பட்டு வேறோரிடத்தில் குவிகின்றது. வெள்ளம் ஒரு முகத்துவாரத்தைத் திறக்கலாம். அதனைத் திறந்த நிலையில் வைத்திருப்பது ஓதத்தின் ஏற்ற இறக்கமும் காயல் நீரின் ஓட்டமுமாம்.

மரக்கோட்டையும் கற்கோட்டையும்

1500ஆம் ஆண்டு டிசம்பரில் போர்ச்சுகீசியத் தளபதி கப்ரால் கொச்சியை அடைந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மேலாண்மையை விரும்பாத கொச்சி மன்னர், புதிதாக வந்த வணிகர்க்கு இடமளித்தார். அதனால் சினங்கொண்ட சாமூதிரி 1503இல் கொச்சியின்மீது படையெடுக்க, மன்னர் வைப்பின் தீவில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் போர்ச்சுகீசியக் கப்பற்படை வந்து மன்னரை மீண்டும் நிலைநிறுத்தியது. அவ்வுதவிக்கு ஈடாக, முகத்துவாரத்தின் தென்கரையில் கோட்டை கட்டும் உரிமையை அவர்கள் பெற்றனர்.

இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை இதுவே. முதலில் எழுந்தது மரக்கோட்டை. மரத்தண்டுகளை இரு வரிசையாக நிறுத்தி, இடைவெளியில் மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி அதனை அமைத்தனர். போர்ச்சுகல் மன்னர் முதலாம் மானுவேலின் பெயரால் அது மானுவேல் கோட்டை என்றும் இம்மானுவேல் கோட்டை என்றும் வழங்கலாயிற்று. முதல் அரசப் பிரதிநிதியாகிய அல்மெய்டா 1505இல் வந்த பின்னர் அது கற்கோட்டையாக மாற்றப்பட்டது.

கோட்டைக்கு இவ்விடத்தைத் தேர்ந்ததன் காரணத்தை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். இன்று இம்முகத்துவாரத்தின் அகலம் ஏறத்தாழ 450 மீட்டர். அக்காலத்தில் கரையின் வடிவம் வேறாக இருந்திருப்பினும், காயலினுள் நுழையும் கப்பல் குறுகிய வாய் ஒன்றின் வழியே மெல்லச் செல்ல வேண்டியிருந்தது. அக்காலப் பீரங்கி உட்புறம் வழுவழுப்பான குழாயும் உருண்டைக் குண்டும் கொண்டது. அதன் குண்டு நெடுந்தொலைவு செல்லினும், குறி தவறாது தாக்குவது சில நூறு மீட்டர் அளவிலேயே. ஆகவே, பரந்த கடலைக் காக்க இயலாத அப்பீரங்கி, குறுகிய வாயிலை நன்கு காக்க வல்லதாயிற்று. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் குவிந்த மிளகும் இஞ்சியும் கடலுக்குச் செல்லும் வழி அந்த வாயில் ஒன்றே. வாயிலைப் பிடித்தவர் வணிகத்தைப் பிடித்தவராயினர்.

டச்சுக்காரரின் கொத்தளங்கள்

கடலை நோக்கிய கோட்டைக்கு நிலவழித் தாக்குதல் எப்பொழுதும் ஓர் இடராகும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை 1662இல் கொச்சியை முற்றுகையிட்டுத் தோல்வியுற்றது. மீண்டும் வந்த அப்படை, ரிக்ளாப் வான் கூன்ஸ் என்பவரின் தலைமையில் 1663 ஜனவரியில் கோட்டையைக் கைப்பற்றியது.

வெற்றி பெற்றவர் செய்த முதற்பணி கோட்டையைப் பெரிதாக்குவதன்று, சிறிதாக்குவதே. மதிலின் நீளம் மிகுந்தால் அதனைக் காக்கும் வீரர் தொகையும் மிக வேண்டும். ஆகவே டச்சுக்காரர் போர்ச்சுகீசிய நகரின் பெரும்பகுதியை மதிலுக்குப் புறம்பே விட்டுக் கோட்டையைச் சுருக்கினர். மூலைகளில் வெளியே நீண்ட கோண வடிவக் கொத்தளங்களை அமைத்து, ஹாலந்து, சீலந்து, கெல்டர்லந்து எனத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை அவற்றிற்கு இட்டனர். முகத்துவாரத்தை நோக்கிய கொத்தளம் ஸ்திரோம்பர்க் எனப் பெயர் பெற்றது.

கோணக் கொத்தளத்தின் பயன் வடிவக் கணிதத்தைச் சார்ந்தது. வட்ட வடிவக் கோபுரத்தின் அடியில், அக்கம்பக்கத்துக் காவலர் கண்ணுக்கும் குண்டுக்கும் எட்டாத மறைவிடம் ஒன்று உண்டு. பகைவர் அங்கு ஒதுங்கி மதிலைத் தோண்டலாம். கோபுரத்திற்கு மாற்றாகக் கூர்முனையுடைய கொத்தளத்தை அமைத்தால், அதன் ஒவ்வொரு முகமும் அடுத்த கொத்தளத்திலிருந்து நேர்கோட்டில் காணப்படும். மறைவிடம் என்பதே இல்லாது போம். ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒரு வட்டத்தையும் ஒரு கூர்முனையையும் வரைந்து, பார்வைக் கோடுகளை இட்டுக் காட்டின், மாணவர் இதனை நொடியில் உணர்வர்.

டச்சுக்காரர் மட்டாஞ்சேரி அரண்மனையையும் புதுப்பித்தனர். 16ஆம் நூற்றாண்டின் இடையில் போர்ச்சுகீசியர் கொச்சி மன்னர்க்குக் கட்டித் தந்த அம்மாளிகை இதனாலேயே டச்சு அரண்மனை என்னும் பெயரைப் பெற்றது. இவ்வாறு ஒரே ஊரில் இரு பிரிவுகள் தெளிவாயின. மதிலுக்குள் கம்பெனியின் ஆட்சியும், மட்டாஞ்சேரியில் மன்னரின் அரண்மனையும், யூதர், கொங்கணியர், குஜராத்தியர் முதலிய பல வணிகர் வாழ்ந்த கடைத்தெருக்களும் அமைந்தன.

மதிலின் முடிவு

1795இல் பிரெஞ்சுப் படைகள் ஹாலந்தைக் கைக்கொண்டன. இங்கிலாந்தில் புகலடைந்த ஹாலந்து ஆட்சித் தலைவர், டச்சுக் குடியேற்றங்களை ஆங்கிலேயர் பாதுகாப்பில் ஒப்படைக்குமாறு கடிதம் விடுத்தார். கொச்சியின் டச்சு அதிகாரிகள் இணங்கவில்லை. முற்றுகைக்குப் பின் அவ்வாண்டு அக்டோபரில் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

1806இல் ஆங்கிலேயர் மதிலையும் கொத்தளங்களையும் வெடி வைத்துத் தகர்த்தனர். ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றினால் கொச்சி டச்சுக்காரர்க்கே திரும்ப நேரின், கோட்டை அவர்க்குப் பயன்படலாகாது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. ஆனால் அந்நிலை வரவில்லை. 1814ஆம் ஆண்டின் ஆங்கில–டச்சு உடன்படிக்கையில், சுமத்திராவை அடுத்த பாங்கா தீவிற்கு ஈடாகக் கொச்சி ஆங்கிலேயர்க்கே உரிமையாயிற்று. முந்நூறு ஆண்டுகள் மூவர் கட்டிக் காத்த அரண், நிகழாத ஒன்றை எண்ணி அழிக்கப்பட்டது.

மதில் அழிந்த பின்னரும் அதன் எல்லை அழியவில்லை. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர் நிலமாகச் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அடுத்திருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாடு. 1956இல் கேரள மாநிலம் அமைந்தபொழுதுதான் இரண்டும் ஒரே மாநிலத்தின்கீழ் வந்தன. 1967இல் இரண்டும் எர்ணாகுளத்தோடு சேர்ந்து கொச்சி மாநகராட்சியாயின.

விளக்கின் வரலாறு

மலபார்க் கரை தாழ்ந்த கரை. கடலிலிருந்து நோக்குவார்க்குத் தென்னந்தோப்புகள் ஒரே பசுங்கோடாகத் தோன்றும். ஓர் ஊரை மற்றோர் ஊரிலிருந்து பிரித்தறிய உதவும் குன்று கொச்சிக்கு அருகில் இல்லை. முகத்துவாரத்தின் எதிரே கடலுள் மணல் திட்டு ஒன்றும் மறைந்து கிடந்தது. இருளில் கரையை அணுகும் மாலுமி, தான் கொச்சிக்கு நேரே உள்ளானா, பிறழ்ந்துள்ளானா என அறிய வழியின்றி இடர்ப்பட்டான்.

இக்குறையை நீக்கக் கோட்டைக் கொச்சியில் 1839இல் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. கோட்டை தகர்க்கப்பட்டு 33 ஆண்டுகள் கழிந்த பின்னர், அதே முனையில் விளக்கு எழுந்தது நோக்கத்தக்கது. கோட்டையின் தொழில் அயலாரைத் தடுப்பது. விளக்கின் தொழில் எந்நாட்டுக் கப்பலையும் வழிகாட்டி அழைப்பது. தொழில் மாறினும் இடம் மாறவில்லை. பீரங்கிக்கும் ஒளிக்கும் வேண்டப்படுவது தடையின்றிக் கடலைக் காணும் முனையே. கோவாவின் அகுவாதா கோட்டையிலும், கொல்லத்தை அடுத்த தங்கச்சேரியிலும், கண்ணூரின் புனித ஆஞ்செலோ கோட்டையிலும், இலங்கையின் காலிக் கோட்டையிலும் கலங்கரை விளக்கங்கள் அமைந்தமைக்கு இதுவே காரணம்.

அக்காலத்தில் பெருங்கப்பல்கள் மணல் திட்டிற்கு வெளியே நங்கூரமிட்டன. சரக்குகள் படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன. மழைக்காலத்தில் இவ்வேலை பெரிதும் தடைப்பட்டது. 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, திட்டை ஊடறுத்து ஆழமான கால்வாய் வெட்டும் பணியை மேற்கொண்டார். 1928 மே 26இல் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் புதிய வழியாகக் காயலுள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. இயற்கை வைத்த நிலம் வைப்பின் என்றால், மனிதர் வைத்த நிலம் வில்லிங்டன் எனலாம்.

பீரங்கியும் இம்முனையை முற்றும் நீங்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்பொழுது துறைமுகத்தைக் காக்கக் கோட்டைக் கொச்சியில் கரையோரப் பீரங்கித் தளம் இருந்தது. 1978 முதல் அப்பகுதியில் இந்தியக் கடற்படையின் பீரங்கிப் பயிற்சி நிலையமாகிய துரோணாச்சாரியா இயங்கிவருகின்றது. 1503இல் தேர்ந்த முனையின் போர்ப்பயன் ஐந்து நூற்றாண்டுகள் கழிந்தும் நீடிக்கின்றது.

1979இல் கலங்கரை விளக்கம் புதுவைப்பிற்கு மாற்றப்பட்டது. அங்கு எழுந்துள்ள கோபுரம் ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுடையது.

ஒளி எட்டும் தொலைவு

கோபுரத்தை உயரமாகக் கட்டுவது ஏன்? புவி உருண்டையாதலின், கடற்பரப்பு நடுவில் புடைத்து நின்று தாழ்ந்த விளக்கை மறைக்கின்றது. விளக்கின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால், அடிவானம்வரை உள்ள தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். காற்றில் ஒளி சிறிது வளைவதனால் உண்டாகும் மிகுதியும் இவ்வெண்ணில் அடங்கும்.

46இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.78. அதனை 3.86ஆல் பெருக்க 26.2 கிலோமீட்டர் வரும். தோணியில் நிற்கும் மீனவரின் கண் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் மேலிருப்பின், அவருடைய அடிவானம் 5.5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்ட, அவர் ஏறத்தாழ 31.7 கிலோமீட்டர், அதாவது 17 கடல் மைல் தொலைவிலிருந்தே விளக்கைக் காண இயலும். கப்பலின் உயர்ந்த தளத்தில் நிற்பவர் இன்னும் தொலைவிலிருந்து காண்பர். ஒளி காணும் தொலைவு உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததாகலின், அடிவானத் தொலைவை இருமடங்காக்கக் கோபுரத்தை நான்கு மடங்கு உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்தினும் விளக்கின் ஆற்றல் குறைவாயின் பயனில்லை. மழையும் மூடுபனியும் ஒளியை விழுங்கிவிடும்.

ஆகவே ஒளியைச் சிதறவிடாது ஒருமுகப்படுத்துதல் இன்றியமையாதது. 1820களில் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல், தடித்த ஒரே கண்ணாடி வில்லைக்கு மாற்றாக வளைய வளையமான பட்டகங்களை அடுக்கி, எடை குறைந்த வில்லையை அமைத்தார். சிறு சுடரின் ஒளியையும் அடிவானத்தை நோக்கித் திருப்பும் இவ்வமைப்பு உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு விளக்கிற்கும் மின்னும் கால அளவு தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பதால், மாலுமி கடிகாரத்தைக் கொண்டே இது எந்த ஊர் விளக்கு என அறிவார். இந்நாட்டுக் கலங்கரை விளக்கங்களை ஆண்ட 1927ஆம் ஆண்டின் சட்டத்திற்கு மாற்றாக, 2021இல் கடல்வழி உதவிச் சாதனங்கள் பற்றிய புதிய சட்டம் இயற்றப்பட்டது.

கரையின் சான்றுகள்

கோட்டைக் கொச்சியில் இன்று எஞ்சியவை சில. ஸ்திரோம்பர்க் கொத்தளம் இருந்த இடத்தில் 1667இல் டச்சுக்காரர் கட்டிய கொத்தள மாளிகை நிற்கின்றது. போர்ச்சுகீசியர் காலத்துப் புனித பிரான்சிஸ் ஆலயம் இருக்கின்றது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் உடல் முதலில் அடக்கப்பட்டது அங்கேயே. அணிவகுப்புத் திடல் உள்ளது. கடற்கரையில் பழைய கட்டுமானத்தின் சிதைவுகள் காணப்படுகின்றன.

இக்கரையிலோ மழைக்காலந்தோறும் மணற்பரப்பு பெரிதும் குறைகின்றது. முகத்துவாரத்திற்கு வடக்கே புதுவைப்புப் பக்கம் மண் படிந்து நிலம் கடலை நோக்கி வளர்ந்துள்ளது. தெற்கே செல்லானத்தில் கடல் வீட்டு வாயில்வரை புகுந்து மக்களை வருத்தியதனால், கரையின் ஒரு பகுதியில் நான்கு முனைக் கான்கிரீட் கட்டைகளால் அரண் அமைக்கப்பட்டது. துறைமுகக் கால்வாயிலோ படியும் சேற்றை ஆண்டுதோறும் தூர்வார வேண்டியுள்ளது. ஓரிடத்து மக்கள் நிலம் இழக்க, வேறோரிடத்தில் நிலம் பெருகும் இந்நிலையில், கரை எங்கிருந்தது, எங்கு வந்துள்ளது என்னும் கணக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. வீடு எங்கே கட்டலாம், சுவர் எங்கே எழுப்பலாம் என்பவை அதனைப் பொறுத்தன.

அளப்பதற்கு அசையாத ஒரு புள்ளி வேண்டும். மணல் அசைவது, தென்னை பட்டுப்போவது, மீனவர் குடிசை இடம் மாறுவது. இடமும் ஆண்டும் ஐயமற அறியப்பட்ட கொத்தளம், ஆலயம், விளக்குக் கோபுரம் ஆகியவையே நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் அளவுக்குறிகள். பழைய டச்சு வரைபடத்தில் கொத்தளத்திற்கும் நீரின் விளிம்பிற்கும் காட்டப்பட்ட இடைவெளியை இன்றைய அளவோடு ஒப்பிட்டால், கரையின் போக்கு விளங்கும். ஆதலின் கடற்கரையில் வெளிப்படும் பழைய மதிற்கல் ஒவ்வொன்றும் வரலாற்றுத் துறைக்கேயன்றிக் கரையறிவியலுக்கும் உரிய செல்வம். அக்கல்லை வேறு கட்டடத்திற்கென எடுத்துச் செல்வோர், அளவுகோலின் ஒரு முனையையே அழிப்பவராவர்.

களப் பணியும் வகுப்புப் பணியும்

கரையோரப் பணியாளர் தம் பகுதியில் நிலையான கட்டடம் ஒன்றைத் தேர்ந்து, அதிலிருந்து உயரோத எல்லைவரை உள்ள தொலைவை ஆண்டிற்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஒரே திசையில் அளந்து பதிவு செய்யலாம். அளந்த நாளும் நேரமும் ஓத நிலையும் உடன் குறிக்கப்பெறல் வேண்டும். இல்லையேல் ஓர் ஆண்டின் அளவை மற்றோர் ஆண்டின் அளவோடு ஒப்பிட இயலாது. ஒரே பருவத்து அளவுகளையே தம்முள் ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் குறைந்த மணல் வேனிற்காலத்தில் ஓரளவு மீள்வது இயல்பாதலின், ஓராண்டு அளவைக் கொண்டு முடிவு கூறலாகாது. கடலோர ஊரின் முதியவர், வலைஞர் ஆகியோரைக் கேட்டறியும் செய்திகளைத் தனியே குறித்து வைத்தலும் நன்று.

பள்ளிகளில் பின்வரும் வினாக்களைப் பயிற்சியாக அளிக்கலாம்.

1. 16 மீட்டர் உயரமுள்ள விளக்கின் அடிவானத் தொலைவு யாது? அதனை இருமடங்காக்கக் கோபுரம் எவ்வளவு உயரமாக வேண்டும்?

2. டச்சுக்காரர் தாம் வென்ற கோட்டையைச் சுருக்கியது ஏன்? அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை?

3. மாணவரின் ஊரில் நீரால் உண்டான நிலத்தையோ, நீர் கொண்டுபோன நிலத்தையோ குறிக்கும் இடப்பெயர்கள் உளவா? படுகை, திட்டு, துருத்தி முதலிய சொற்கள் அமைந்த பெயர்களைத் திரட்டுக.

4. ஊரில் நூறாண்டுக்கு மேற்பட்ட நிலையான கட்டடம் எது? அதிலிருந்து ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ கடற்கரையோ எவ்வளவு தொலைவில் உள்ளது? அளந்து, நாளிட்டு, பள்ளி ஏட்டில் எழுதி வைக்க.

நான்காம் வினாவின் விடை, அதனை எழுதும் மாணவரினும் பிற்காலத்தில் அதே ஏட்டைப் புரட்டும் மாணவர்க்கே மிகவும் பயன்படும். கொச்சியின் கோட்டையைக் கட்டியவர் எவரும் கரையை அளப்பதற்காக அதனைக் கட்டவில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற கற்களில் இன்று பெரிதும் பயன்படுவது அவ்வளவேயாகும்.